பாலைவன நகரத்துக்கு நாயோடு போனவர்கள்

என் மகன் வீட்டு நாயின் பெயர் மணி. அமெரிக்காவில் பிறந்த லாப்ரடார் கலப்பு நாய்க்கு அப்படிப் பெயர் வைத்தது என் பேத்தி. நான் சிறுவனாக இருந்தபோது மாயவரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடந்த மணியைப் பற்றி அவளுக்கு நிறையக் கதை சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டுக் கேட்டு, நாய் என்றால் அதற்குப் பெயர் மணிதான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

2017 ஜூன் மாதம் மகனுக்கு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரத்துக்கு வேலை மாறியது. நானும் அப்போது அங்கேதான் இருந்தேன். விமானத்தில் போனால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் மணியை என்ன செய்வது? அமெரிக்காவில் நாய்களை விமானச் சரக்கறையில் ஏற்றுவதற்குச் சட்டம் இருக்கிறது. 85 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது நம் கணக்கில் சுமார் 29 டிகிரிக்கு மேல், வெயில் இருந்தால் கூண்டை விமானத்துக்குக் கொண்டுபோகும்போதோ இறக்கும்போதோ 45 நிமிடத்துக்கு மேல் அந்தச் சூட்டில் வைக்கக்கூடாது. அந்த வம்பே வேண்டாம் என்று கோடையில் பல விமானக் கம்பெனிகள் நாயையே ஏற்றுவதில்லை. அந்த வாரம் ஃபீனிக்ஸில் நாய்களுக்கு மட்டுமில்லை, மனிதர்களுக்கே விமானம் இல்லை. ஜூன் 20ஆம் தேதி 119 டிகிரி, அதாவது 48 டிகிரி செல்சியஸ் அடித்தது. சிறிய ரக ஜெட் விமானங்கள் 118 வரைக்கும்தான் பறக்கலாம் என்று கணக்கு வைத்திருந்ததால் நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தார்கள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து நாங்கள் காரில் கிளம்பினோம். மகன், மருமகள், பேத்தி, நான், மணி. சுமார் 600 கிலோமீட்டர். காருக்குள் குளுகுளுவென்று இருந்தது. நான் ஸ்வெட்டர்கூடப் போட்டிருந்தேன்.

வழியில் குவார்ட்ஸைட் என்று ஒரு சின்ன ஊர் வரும். அங்கே நிற்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அந்த ஊர் இடுகாட்டில் ஓர் ஒட்டகக்காரரின் கல்லறை இருக்கிறது. அதைப் பற்றிப் படித்ததிலிருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. ஹாஜி அலி என்பது அவர் பெயர். அமெரிக்க வாயில் அது ‘ஹை ஜாலி’ ஆகிவிட்டது. 1856ல் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சாமான் சுமக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்து பார்த்தது. முதல் கப்பலில் 34 ஒட்டகங்கள் டெக்சாஸ் கரையில் இறங்கின. அவற்றோடு வந்தவர்களில் அலியும் ஒருவர். அடுத்த வருடம் எட்வர்ட் பீல் என்பவர் 25 ஒட்டகங்களோடு கொலராடோ நதிவரை பாதை போட்டுக்கொண்டு போனார். நம் ஊர் வைக்கோல் மெத்தை மாதிரி இருக்கும் ஒட்டகத்தின் பாதம் அந்தக் கூர்மையான கற்களைத் தாங்குமா என்று எல்லோரும் பயந்தார்கள். தாங்கியது. பீலுக்கு ஒட்டகங்கள்மேல் அவ்வளவு திருப்தி. பிறகு உள்நாட்டுப் போர் வந்தது, திட்டம் போயிற்று, ஒட்டகங்களை விற்றார்கள், சிலவற்றை அவிழ்த்தே விட்டுவிட்டார்கள். அலி அந்தப் பக்கத்திலேயே தங்கி 1902ல் காலமானார்.

இவ்வளவையும் காரில் பேத்திக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஊருக்குள் நுழைந்ததும் மகன் பெட்ரோல் போட நிறுத்தினான். பகல் இரண்டு மணி. மணிக்கு மூத்திரம் போக வேண்டியிருக்கும், நான் அழைத்துப்போகிறேன் என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தார்த்தரையைக் கடந்து அந்தப் பக்கம் ஜல்லி கொட்டிய ஓரம் ஒன்று இருந்தது. ஐம்பது அடி இருக்கும். மணி இறங்கவே யோசித்தான். இறங்கி நாலு எட்டு வைத்தவன் நின்றுவிட்டான். ஒரு காலைத் தூக்கினான், அதை வைத்துவிட்டு இன்னொரு காலைத் தூக்கினான். பத்து வயது நாய், சோம்பல் என்று நினைத்தேன். “அடம் பிடிக்காதேடா, வா” என்று கயிற்றை இழுத்தேன். வந்தான். என்னை விட்டு எங்கே போவான்? போனோம், வந்தோம்.

காரில் ஏறியதும் பாதத்தை நக்க ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. பேத்தி ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். கறுப்பாக, தடிப்பாக இருக்க வேண்டிய பாதத்தில் தோல் கழன்று உள்ளே சிவப்பு தெரிந்தது. அவள் அழவில்லை. “தாத்தா, உங்களுக்குச் சுடலையா?” என்று கேட்டாள்.

எனக்குச் சுடவில்லை. நான் செருப்புப் போட்டிருந்தேன்.

என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் 34 வருடம் இருந்தவன் நான். கோடையில் வெளியே 40 டிகிரி என்றால் தண்டவாளம் 60ஐத் தாண்டும். தண்டவாளத்தின் மேலேயே தெர்மாமீட்டரை வைத்து அளப்போம். அளவு மீறினால் ரோந்துக்கு ஆள் அனுப்புவோம். காற்றின் சூடு வேறு, தரையின் சூடு வேறு என்பது என் பிழைப்பு. எத்தனை கேங்மேன்களுக்கு இதைப் பாடம் எடுத்திருக்கிறேன்! அப்படிப்பட்டவன், 46 டிகிரி வெயிலில் கறுப்புத் தாரின் மேல் ஒரு ஜீவனை இழுத்துக்கொண்டு போனேன். அந்த மாதிரி வெயிலில் தார் 70 டிகிரிக்குமேல் போகும். 60 டிகிரித் தரையே தோலை வேகவைக்கப் போதும்.

கல்லறையைப் பார்க்கவில்லை. நேரே ஃபீனிக்ஸ் போய் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். நாலு காலுக்கும் கட்டு. மூன்று வாரம் ஆயிற்று குணமாக. மருமகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புது வீட்டில் மணி கட்டோடு படுத்திருந்த அந்த மூன்று வாரமும் நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். நாயோடு பாலைவனத்தைக் கடந்தவர்கள் எனக்கு முன்னாலும் இருந்திருப்பார்களே, அவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அரபு நாட்டுப் பெதூயின்கள். அவர்கள் வளர்க்கும் சலூக்கி என்ற வேட்டைநாய் ஒல்லியாக, நீண்ட காலும் தொங்கும் காதுமாக, நம் பக்கத்துச் சிப்பிப்பாறைக்குத் தூரத்து உறவு மாதிரி இருக்கும். இதைப் போன்ற மெலிந்த வேட்டைநாய்களை எகிப்தியர்கள் தங்கள் கல்லறைச் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாய் வீட்டுக்குள் வரக்கூடாது என்று விலக்கி வைக்கிற சமூகத்தில் சலூக்கிக்கு மட்டும் கூடாரத்துக்குள் இடம் உண்டு. அதை நாய்க் கணக்கிலேயே அவர்கள் சேர்ப்பதில்லை. வேட்டைக்குப் புறப்படும்போது சலூக்கியை நடக்கவிடாமல் ஒட்டகத்தின் மேல் ஏற்றிக்கொண்டு போவார்கள். மானோ முயலோ கண்ணில் பட்டால்தான் இறக்குவார்கள். கொதிக்கும் மணலில் அதன் காலும் மூச்சும் வீணாகக்கூடாது என்ற கணக்கு. அது மட்டுமில்லை, அதன் பாதத்துக்கு மருதாணி வைக்கிற வழக்கமும் இருக்கிறது. தோல் உரம் பெறும், புண் வராது என்ற நம்பிக்கை. நம் வீட்டுப் பெரியவர்கள் உள்ளங்காலில் மருதாணி அப்பிக்கொண்டு “உடம்புச் சூடு இறங்கும்” என்பார்களே, அதை நினைத்துக்கொண்டேன். மருதாணி எந்த அளவு காக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்தான். ஆனால் மருதாணி வைக்க வேண்டுமென்றால் நாயின் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பத்து வருடத்தில் மணியின் பாதத்தை நான் ஒரு தடவைகூட அப்படிப் பார்த்ததில்லை.

சலூக்கியோடு சேர்ந்து வேட்டையாடுவது வல்லூறு. இன்றைக்கும் வளைகுடா நாட்டு விமானங்கள் சிலவற்றில் வல்லூறு பயணிகளோடு உள்ளே உட்கார்ந்து வரலாம். நாய் பெரும்பாலும் அடியில், சரக்கோடு. என்ன இருந்தாலும் பறக்கிறவனுக்கு மரியாதை அதிகம்.

கெர்ட்ரூட் பெல் என்ற ஆங்கிலப் பெண்மணியைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். முதல் உலகப் போருக்குப் பிறகு இராக் என்ற நாடு உருவானதில் பெரும் பங்கு அவருடையது. போருக்கு முன்பே ஒட்டகத்தில் அரேபியாவைச் சுற்றியவர். 1917லிருந்து 1926ல் இறக்கும்வரை பாக்தாதில்தான் இருந்தார், அங்கேதான் புதைத்தார்கள். அவர் ஊருக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் கிடைக்கின்றன. அவற்றில் அரசியலைவிட எனக்குப் பிடித்தது இரண்டு நாய்கள் வந்து சேர்ந்த கதை.

அனேஸா என்ற பெரிய பெதூயின் கூட்டத்தின் தலைவர் ஃபஹத் பெக், பெல் அம்மையாருக்கு இரண்டு சலூக்கிகளைப் பரிசாக அனுப்பினார். கூட இரண்டு ஆட்கள். யூப்ரடீஸ் நதியை ஒட்டிப் பத்து நாள் நடந்து அவை பாக்தாத் வந்து சேர்ந்தன. வந்தபோது பாதி பட்டினி. அரை மணி நேரம் முனகிக்கொண்டே அறையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, பிறகு அவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்த சோபாவில் ஏறி உட்கார்ந்துகொண்டன. ஒன்றின் பெயர் ரீஷான், இறகு போன்ற வாலுடையவன் என்று அர்த்தம். இன்னொன்று நஜ்மா, நட்சத்திரம். கூடாரத்தில் வளர்ந்தவை தோட்டத்து வாழ்க்கைக்குப் பழகிவிடும் என்று நம்புவதாக அவர் எழுதினார்.

இதில் நான் கவனித்தது அந்தப் பத்து நாள் நடையை. பாலைவனம் வழியாக வந்தன என்றுதான் நாம் சொல்லுவோம். வந்த வழியோ நதியோரம். நதி என்றால் தண்ணீர், ஈர மண், நடுப்பகலில் ஒதுங்க எங்காவது பேரீச்சை நிழல். பசியோடு வந்தாலும் கால் வெந்து வந்ததாகக் கடிதத்தில் இல்லை. கூட வந்த அந்த இரண்டு பேரும் அதே மண்ணில் நடந்து வந்தவர்கள்தானே. சுட்டால் அவர்களுக்கும் சுட்டிருக்கும்.

இனி அமெரிக்கா. 1849ல் கலிஃபோர்னியாவில் தங்கம் என்று கேள்விப்பட்டு ஜனங்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கிளம்பிய வருடம். ஒரு கூட்டம் சால்ட் லேக் பக்கத்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் புறப்பட்டது. நடுவில் யாரோ குறுக்கு வழி என்று ஒரு வரைபடத்தைக் காட்ட, பல குடும்பங்கள் அதை நம்பிப் பிரிந்து போயின. இன்றைக்கு டெத் வேலி, அதாவது மரணப் பள்ளத்தாக்கு என்று சொல்கிற இடத்தில் போய் மாட்டிக்கொண்டன. பெயர் வந்ததே இவர்களால்தான். குளிர்காலம் என்பதால் பிழைத்தார்கள். தாகமும் கல்லும்தான் அவர்களைக் கொன்றன, வெயில் இல்லை. பென்னட், ஆர்க்கன் என்ற இரண்டு குடும்பங்கள், நாலு குழந்தைகள். மேன்லி, ரோஜர்ஸ் என்ற இரண்டு வாலிபர்கள் உதவி தேடி நடந்தே போய், மலைகளைத் தாண்டி, மாவும் பயறும் ஒற்றைக்கண் கோவேறு கழுதை ஒன்றுமாக 26 நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். வேறு யாராயிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டார்கள். மேன்லி வயதான பிறகு, 1894ல், இதையெல்லாம் புத்தகமாக எழுதினார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு நாய் இருந்தது. பெயர் கஃப். வண்டிகளை விட்டுவிட்டு மாடுகளின் மேல் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மிச்ச தூரத்தை நடந்தே கடந்தார்கள். கூர்மையான கற்களில் மாட்டின் குளம்பு தேய்ந்து புண்ணாகிவிட்டது. அடித்துச் சாப்பிட்ட மாட்டின் தோலை வெட்டித் தங்களுக்குக் காலுறை தைத்துக்கொண்டார்கள். பிறகு மாடுகளுக்குத் தைத்தார்கள். பிறகு கஃபுக்கும், அதன் நாலு காலுக்கும் தைத்தார்கள். சாப்பாடே இல்லாமல், ஒவ்வொரு மாடாக அடித்துத் தின்றுகொண்டு, தாங்கள் பிழைப்போமா என்றே தெரியாமல் நடக்கிற கூட்டம் அது. அந்த நிலைமையில் யாரோ ஒருவர் உட்கார்ந்து நாய்க்குச் செருப்புத் தைத்திருக்கிறார். இந்த இடத்தைப் படித்தபோது மணி என் காலடியில் கட்டுப் போட்ட காலோடு தூங்கிக்கொண்டிருந்தான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1903ல் இன்னொரு நாய். ஜாக்சன் என்ற மருத்துவர் ஐம்பது டாலர் பந்தயத்துக்காக சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்குக் காரில் போய்க் காட்டினார். அமெரிக்காவை முதன்முதல் குறுக்கே கடந்த கார் அதுதான், 63 நாள் பயணம். வழியில் ஐடஹோ மாநிலத்தில் பட் என்ற நாயை வாங்கிச் சேர்த்துக்கொண்டார். கண்ணாடித் தடுப்பு இல்லாத வண்டி, காரமண் புழுதி கண்ணைக் கெடுத்தது. ஓட்டுகிறவர்கள் மாட்டியிருந்த மாதிரியே நாய்க்கும் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். பட் அணிந்த அந்தக் கண்ணாடி இன்றும் வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. எனக்கு அதில் சிரிப்பைவிட, அவர்கள் கண் எரிந்ததால்தான் நாயின் கண் எரிவது அவர்களுக்குத் தெரிந்தது என்பதுதான் பட்டது.

1960ல் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் சார்லி என்ற நாயோடு அமெரிக்காவைச் சுற்றியதும் மொஹாவி பாலைவனத்தைக் கடந்ததும் பலருக்குத் தெரிந்த கதை. ஆனால் அவர் புறப்பட்டதே செப்டம்பர் கடைசியில். கோடையில் இல்லை.

அப்படியானால் கெட்டது எங்கே? நான் போய்ச் சேர்ந்த ஊரிலிருந்தே சொல்கிறேன். ஃபீனிக்ஸ் ஒரு நதிக்கரை ஊர். சால்ட் நதியிலிருந்து ஹோஹோகம் என்ற பழங்குடியினர் நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்தார்கள். 1450 வாக்கில் அவர்கள் ஊரை விட்டுவிட்டார்கள். 1867ல் ஜாக் ஸ்விலிங் என்பவர் வந்து தூர்ந்துபோன அந்த வாய்க்கால்களின் தடத்தைப் பார்த்து மறுபடி தண்ணீர் விட்டார். அழிந்த நாகரிகத்தின் சாம்பலிலிருந்து எழுந்தது என்பதால் ஃபீனிக்ஸ் பறவையின் பெயர். பழைய படங்களைப் பார்த்தால் மண் தெரு, தெருவோரம் வாய்க்கால், வாய்க்காலோரம் வரிசையாகப் பருத்திமரம் என்று அவர்கள் சொல்லும் பெரிய நிழல் மரங்கள். கிட்டத்தட்ட நம் தஞ்சாவூர் ஜில்லா. வெயில் அன்றைக்கும் இதே வெயில்தான். ஜனங்கள் ராத்திரி வெளித்தாழ்வாரத்தில், நனைத்த துணியைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். 1930களில் ஈரமான மரநாரின் வழியே காற்றை இழுக்கும் கூலர் வந்தது. நம் வெட்டிவேர்த் தட்டிக்கு மின்விசிறி வைத்த மாதிரி. அந்த ஊர் நாய்க்கும் வாய்க்கால் இருந்தது, மரம் இருந்தது, ஈரமண் இருந்தது.

காருக்கு ஏசி 1940 மாடல் பாக்கார்டில் முதலில் வந்தது. அதற்கு முன்னால் பாலைவனத்தைக் கடக்கிறவர்கள் காரின் முன்னால் கித்தான் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ராத்திரியில்தான் ஓட்டுவார்கள். வீட்டு ஏசி பரவிய பிறகு ஃபீனிக்ஸ் ஊதிப் பெருத்தது. 1950ல் ஒரு லட்சத்து ஆறாயிரம் பேர். 1960ல் நாலு லட்சத்து முப்பத்தொன்பதாயிரம். வாய்க்கால்களுக்கு சிமென்ட் பூசினார்கள், பலவற்றைக் குழாய்க்குள் விட்டார்கள், தண்ணீர் குடிக்கிறது என்று மரங்களை வெட்டினார்கள். மண் இருந்த இடமெல்லாம் தார். பகலில் குடித்த சூட்டை அந்தத் தார் ராத்திரி முழுக்கக் கக்குகிறது. 2023 கோடையில் அங்கே 31 நாள் விடாமல் 110 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸ் தாண்டியது. அதில் தொடர்ந்து 16 ராத்திரி 90க்குக் கீழே இறங்கவே இல்லை. அது 32 டிகிரி.

நாய்க்கு உடம்பில் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மிச்சத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்க வேண்டும். வறண்ட காற்றில் அது நன்றாகவே வேலை செய்யும், தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தால். பாலைவனத்துக்கு நாய் ஒவ்வாத பிராணி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சலூக்கியைக் கேளுங்கள். மணலும் பகலில் தாரைப் போலவே கொதிக்கும்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் யாரும் நாயை மணலில் இறக்கவில்லை. இறக்கினால் தன் காலும் சேர்ந்து வேகும் என்பதால் நிழலில் படுத்திருந்தார்கள். பகல் இரண்டு மணிக்கு 46 டிகிரியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இறங்குகிற மனிதன் சரித்திரத்தில் புதியவன். அவனுக்குச் சட்டம் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2016ல் ஃபீனிக்ஸ் நகரம், 100 டிகிரிக்கு மேல் போனால் மலைப்பாதைகளில் நாயை அழைத்துவரக்கூடாது என்று விதி போட்டது. நாங்கள் போன அதே 2017ல் அரிசோனா மாநிலம், பூட்டிய காருக்குள் குழந்தையோ நாயோ வெயிலில் தவித்தால் காவல்துறைக்குச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை உடைக்கலாம், உடைத்தவர் மேல் வழக்கு வராது என்று சட்டம் கொண்டுவந்தது.

சித்திரை மாதம் கோயில் பிராகாரத்தில் கருங்கல் தகிக்கும். தேங்காய்நார் விரிப்பு போட்டிருப்பார்கள், வெள்ளைச் சாயம் அடித்திருப்பார்கள், அப்படியும் நாம் குதித்துக் குதித்துத்தான் ஓடுவோம். மணி அன்றைக்கு ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கியது அதே குதிதான். வெளியே வந்து செருப்பை மாட்டிய நிமிஷமே அந்தச் சூடு எனக்கு மறந்துவிடுகிறது.

கட்டுப் பிரித்த பிறகு மருமகள் நாலு ரப்பர்ச் செருப்பு வாங்கி வந்தாள். நாய்களுக்கென்றே கடையில் விற்கிறார்கள். கஃபுக்கு மாட்டுத்தோல், மணிக்கு ரப்பர். மாட்டிவிட்டால் சேற்றில் நடக்கிற கொக்கு மாதிரி காலை உயரத் தூக்கி வைப்பான். பேத்திக்கு அதில் ஒரே கொண்டாட்டம். நான் அவனைக் காலை நாலரை மணிக்கு வாய்க்கால் கரைக்கு அழைத்துப்போவேன். அங்கே இன்னும் கொஞ்சம் மண் பாதை மிச்சம் இருக்கிறது. தெருவில் இறங்குவதற்கு முன்னால் புறங்கையைத் தாரில் வைத்து ஏழு எண்ண வேண்டும், ஏழுவரை தாங்கினால் நாயும் தாங்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தினமும் எண்ணினேன். பக்கத்து வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு, கிழவர் தினமும் பூமியைத் தொட்டுக் கும்பிடுகிறார், இந்துக்களின் வழக்கம் போலிருக்கிறது என்று மகனிடம் கேட்டாராம்.

நவம்பரில் நான் ஊர் திரும்ப வேண்டும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து விமானம். மறுபடி அதே பாதை, அதே கூட்டம். குவார்ட்ஸைட்டில் இந்தத் தடவை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகனே நிறுத்தினான். 1935ல் கட்டிய நினைவுச் சின்னம் அது. பலவிதக் கல் பதித்த சின்ன பிரமிடு, உச்சியில் தாமிர ஒட்டகம். பார்த்தேன்.

பிறகு அதே பெட்ரோல் பங்க். வெயில் இதமாக, நம் ஊர் மார்கழிக் காலை போல இருந்தது. கதவைத் திறந்துவிட்டு, கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து தரையில் புறங்கையை வைத்தேன். ஏழு எண்ணினேன். வெதுவெதுப்புகூட இல்லை. மணி தலையை நீட்டி என் கையை மோந்து பார்த்தான். இறங்கவில்லை. நான் கூப்பிட்டேன். வாலை ஆட்டினான், இறங்கவில்லை.

பேத்தி என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். அவளோடு இறங்கிப் போனான்.